அம்பாசிடருக்கு ஒரு குளிர்பெட்டி

என் மனைவிக்குக் கால் செயலிழந்து போனதை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு சித்திரை மாத மதியத்தில். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் இருவரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். நான் நிட்டிங் மெஷின்களுக்கு ஃபிட்டர். அவள் செக்கிங் மேசையில் நின்று, தைத்து வரும் டீசர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் ஒதுக்கி வைப்பவள். எட்டு மணி நேரம் நின்றே பார்க்கிற வேலை.

அன்று மதியம் சூப்பர்வைசரம்மா ஆள் அனுப்பினார். நான் கையில் கிரீஸோடு ஓடினேன். மேசைக்குக் கீழே, துணி மூட்டையில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"காலு ரெண்டும் மரத்துப்போச்சு. நிக்க முடியல" என்றாள்.

"வெயிலு வந்தாலே இவளுக்கு இப்படித்தானுங்க" என்றார் சூப்பர்வைசரம்மா என்னைப் பார்த்து. "காத்தால நல்லா நடந்து வருவா. சாப்பாட்டு நேரமானா சாஞ்சுக்குவா. என்ன நடிப்போ போங்க."

அத்தனை பேர் பார்வையும் என் மேல் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "காத்தால நல்லாத்தான நடந்து வந்த? எந்திரி புள்ள" என்று அதட்டினேன். அவள் மேசைக்காலைப் பிடித்து எழ முயன்றாள். முடியவில்லை. இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு லைன் வீடுகளின் கடைசியில் இருந்த குழாய்க்கு நடந்தே போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப மட்டும் எப்படி நடக்கற? வேலைக்குப் போகப் புடிக்கலீன்னா சொல்லீரு. எதுக்கு இந்த நாடகம்?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவள் தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர்க்காரி. வேலைக்காக அக்காவோடு திருப்பூர் வந்தவள். நான் சேவூர்க்காரன், காடு தோட்டம் பார்க்கிற குடும்பம். கம்பெனியில் பழகி, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். வேறு சாதி, வேறு மதம், வேறு ஊர். அவள் வீட்டில் அழுது தீர்த்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் அம்மா மட்டும் எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. ஆக, அவளுக்கு நான், எனக்கு அவள் என்றுதான் இருந்தது. அப்படிப்பட்டவளிடம்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எங்கெங்கோ அலைந்தோம். ரத்தம் இல்லை என்றார்கள், வாயு என்றார்கள், சத்து ஊசி போட்டார்கள். ஒரு கண்ணில் பார்வை மங்க ஆரம்பித்த பிறகுதான் கோயமுத்தூரில் நரம்பு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டு, எனக்குப் புரியும்படி சொன்னார்.

"ஒயர் மேல ரப்பர் இருக்குதில்லீங்களா, அது அங்கங்க உரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க. நரம்பு மேல இருக்கற உறை அப்படித்தான் உரிஞ்சிருக்குது. உடம்பு சூடாச்சுன்னா அந்த எடத்தத் தாண்டிக் கரண்ட் போகாது. கால் வேலை செய்யாது. உடம்பு குளுந்தா மறுபடியும் போகும்."

என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "அப்ப நடிப்பு இல்லீங்களா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நடிப்புன்னு யாரு சொன்னது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள்தான் பதில் சொன்னாள். "கம்பெனில சொன்னாங்க டாக்டர்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். நான் அவிநாசி வரும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முழுக்கக் குணமாக்க மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோய் முற்றும்போது ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றலாம். வாரம் ஒரு நாள் வந்து கால்களுக்குப் பயிற்சி செய்தால் தசை இளைக்காமல் காப்பாற்றலாம். வெயில் மட்டும் உடம்பில் ஏறக்கூடாது. பயிற்சிக்குக் கிடைத்த நேரம் புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. மாசி பாதி கழிந்ததும் சிக்கல் தொடங்கியது. ஏசி கார் எடுக்க வசதியில்லாமல் பஸ்ஸிலோ சாதா வாடகைக் காரிலோ ஒன்றரை மணி நேரம் வெயிலில் போய் இறங்கும்போது அவள் கால்கள் துணிபோல் தொங்கின. அங்கே சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிப்போவார்கள். பயிற்சி கொடுக்கிற பெண் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் செய்ய முடியாதுக்கா, உடம்பு கொதிக்குது" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

என்னிடமும் ஒரு கார் இருந்தது, ஆனால் வெயிலில் அதுவும் அடுப்புபோல் கொதிக்கும். அறுபதுகளில் வந்த அம்பாசிடர். முதலாளியின் அப்பா வைத்திருந்தது. கம்பெனி குடோனில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் பஞ்சு மூடிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போ என்று முதலாளி சொன்ன பிறகு, இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்து ஓட வைத்திருந்தேன். "உங்க மூத்த சம்சாரம்" என்பாள் அவள் அந்தக் காரை. அதற்கு ஏசி பொருத்த முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். அந்த வயதான இன்ஜின் கம்ப்ரசரை இழுக்காது என்று மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டார்கள்.

அந்த வருடங்களில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. கம்பெனியில் பாதி நாள் ஜெனரேட்டரில்தான் ஓடும். ஒரு மதியம் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதன் ரேடியேட்டரிலிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. சுடுதண்ணீர் அந்தத் தகடுகளுக்குள் ஓடுகிறது, ஃபேன் காற்றை ஊதுகிறது, காற்று சூடாகிறது. சுடுதண்ணீருக்குப் பதில் ஐஸ் தண்ணீரை ஓட விட்டால்? காற்று குளிர்ந்துதானே ஆக வேண்டும்? ஷிப்ட் முடியும்வரை எனக்கு நிலைகொள்ளவில்லை.

காயலாங்கடையில் ஒரு சின்னக் காரின் ரேடியேட்டர் கிடைத்தது, ஃபேனோடு. மீன் வருகிற பெரிய தெர்மகோல் பெட்டி ஒன்றை வாங்கி, அதற்கு வெளியே தகரம் அடித்து டிக்கியில் உட்கார வைத்தேன். தண்ணீரைத் தள்ள மோட்டார் வேண்டும். முதலில் கண்ணாடி கழுவுகிற மோட்டாரைப் போட்டேன். பத்து நிமிடத்தில் புகைந்துவிட்டது. என் தம்பி தோட்டத்தில் பேட்டரியில் ஓடுகிற மருந்தடிக்கும் டேங்க் ஒன்று வீணாகக் கிடப்பது ஞாபகம் வந்தது. அதில் உள்ள மோட்டார் மணிக்கணக்கில் ஓடும். சேவூர் போனேன். அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா மாட்டுக் கட்டுத்தறிப் பக்கமிருந்து வந்து நின்றாள்.

"எதுக்குச் சாமி அது?"

"காருக்கு ஏசி செய்யறம்மா. வெயிலு ஆகறதில்ல அவளுக்கு."

நான் கிளம்பும்போது அம்மா ஒரு பை நிறைய முருங்கைக்காயைக் கொண்டுவந்து வண்டியில் மாட்டினாள். மருமகளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பாள் என்று கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பாமல் நின்றேன். அம்மா மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

ரேடியேட்டரை முன் சீட்டின் முதுகில், பின்னால் உட்காருகிறவரைப் பார்த்தபடி பொருத்தினேன். டிக்கியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய், ஒன்று போக, ஒன்று வர. பழைய டைனமோ இத்தனைக்கும் கரண்ட் கொடுக்காது என்று ஆல்டர்னேட்டர் மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்கடைக்காரரிடம் ஐஸ் வாங்கிவந்து உடைத்துப் போட்டு, அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஸ்விட்சைப் போட்டேன். குழாய் பிய்த்துக்கொண்டு ஐஸ் தண்ணீர் அவள் மடியில் கொட்டியது. அலறினாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

கிளிப்பை முறுக்கிவிட்டு மறுபடி போட்டேன். இந்த முறை காற்று வந்தது. குளிர்ந்த காற்று, ஆனால் கார் முழுக்க மீன் வாடை.

"ஐயோ, இது ஆகாது. வேற ஐஸ் பாக்கறேன்" என்றேன்.

"ஏன், இருக்கட்டும்" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "எங்க ஊரு கடக்கரையில இருக்க மாதிரில்லா இருக்கு."

இருந்தாலும் நான் ஐஸை மாற்றினேன். எங்கள் லைனில் மூன்று வீடுகளில் ஃபிரிட்ஜ் இருந்தது. விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண்கள் தாங்களாகவே டிபன் பாக்ஸ், தூக்குப்போசி என்று கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தார்கள். புதன்கிழமை காலையில் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சூதானமாப் போயிட்டு வாங்க கண்ணு" என்று அவளிடம் சொல்லிப் போவார்கள். மின்வெட்டு அதிகமான நாட்களில் பாதிதான் உறைந்திருக்கும். அவிநாசியில் ஒரு ஜூஸ் கடையில் சொல்லிவைத்து மீதியை நிரப்பிக்கொள்வேன்.

முதல் புதன்கிழமைப் பயணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாயப்பட்டறை லேபில் கேட்டு வாங்கிய தெர்மாமீட்டரை அவள் தலைக்கு மேல் கட்டியிருந்தேன். முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வெளியே நாற்பதுக்குக் குறையாது. "எத்தன காட்டுது?" என்று கேட்டுக்கொண்டே போனேன். "இருபத்தாறு" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டதற்கும், "இருபத்தாறுதான்" என்றாள். கருமத்தம்பட்டி தாண்டிக் கேட்டபோது, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

கோயமுத்தூரில் இறங்கும்போது நான் கதவைத் திறந்து கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. கதவைப் பிடித்து எழுந்து நின்றாள். காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். காரிலிருந்து பயிற்சி அறை வரை மெதுவாக, சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தே போனாள். நான் டிக்கியைத் திறந்து, மீதி எவ்வளவு ஐஸ் இருக்கிறது என்று பார்ப்பதுபோல் உள்ளே குனிந்து நின்றேன். யாரும் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்றிருந்தது.

அந்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அந்தக் காரை வைத்தே ஓட்டினோம். எங்கள் வீட்டுக்கு மேலே சிமெண்ட் அட்டை. மதியம் மின்சாரமும் போய்விட்டால் உள்ளே இருக்க முடியாது. அதனால் தனியாக ஒரு பேட்டரி வைத்து, கார் நிற்கும்போதும் குளிர்பெட்டி ஓடும்படி செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து சைக்கிளில் வந்து, புளியமரத்தடியில் நிற்கும் காரில் அவளை உட்கார வைத்துவிட்டுப் போவேன். வேலையை விட்டு வீட்டில் இருந்தவளுக்குக் கம்பெனியிலிருந்து டீசர்ட் கட்டுகளைக் கொண்டுவந்து தருவேன். அவள் காருக்குள் உட்கார்ந்து நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருப்பாள். லைன் வீட்டுப் பெண்கள் ஜன்னலில் சாய்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். பீகாரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் தன் கைக்குழந்தையை வேர்க்குருவுக்காக அரை மணி நேரம் அவள் மடியில் விட்டுப்போவாள்.

நான் மட்டும் நிற்கும் காருக்குள் அவளோடு உட்காரவே இல்லை. ஐஸ் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வழி உண்டா, குழாய்க்கு மேல் துணி சுற்றலாமா, ஃபேனைப் பெரிதாக்கலாமா என்று எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அவள் கூப்பிட்டாள்.

"எப்பப் பாத்தாலும் டிக்கிக்குள்ளயே தலய வச்சிக்கிட்டு இருக்கீங்க. கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஊரில் அவள் அப்பா கட்டுமரத்திலிருந்து இறங்கி வரும்போது, நனைந்த கையை அவள் கன்னத்தில் வைத்து எழுப்புவாராம். அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மோட்டார் சத்தம் சற்று மாறியதுபோல் இருந்தது. "ஒரு நிமிசம்" என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் கத்தரியை எடுத்துப் பிசிர் வெட்ட ஆரம்பித்திருந்தாள். அந்தக் கதையின் மீதியை நான் கேட்கவே இல்லை.

மூன்றாவது கோடையில் ஒரு புதன்கிழமை. வழக்கம்போல் கிளம்பினோம். அன்று ஐஸ் நிறையவே இருந்தது. கோயமுத்தூர் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தேன். அவள் எழவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள். கையால் தொடையைப் பிடித்துத் தூக்கி, காலைக் கதவுக்கு வெளியே வைத்தாள். கால் வைத்த இடத்திலேயே கிடந்தது.

பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். டிக்கியைத் திறந்தேன். பாதிக்கு மேல் ஐஸ் மிதந்தது. மோட்டார் ஓடியது. குழாயைத் தொட்டேன், கை விறைத்தது. ரேடியேட்டர் தகடுகளில் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. தெர்மாமீட்டர் இருபத்தைந்து காட்டியது. இன்னும் கொஞ்சம் ஐஸ் போட்டால் சரியாகும் என்று அருகிலிருந்த கடையில் வாங்கிவந்து கொட்டினேன். கால் மணி நேரம் காத்திருந்தோம். மறுபடி ஒரு கிளிப்பை முறுக்கினேன். வயரை ஆட்டிப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கே தப்பு என்று தெரியாதபோது வருகிற கோபம்.

"விடுங்க" என்றாள் அவள். "மெஷின்ல ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் வேல செய்யுது."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். காவலாளி நாற்காலியோடு வந்து தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, காருக்குள் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று வருடமாகச் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன்.

"அன்னைக்கு நாடகம்னு சொன்னேன். அது தப்புப் புள்ள. என்னய மன்னிச்சிரு."

குளிர்காற்று எங்கள் இருவர் முகத்திலும் வீசிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேன்னு சொன்னாப் பொய்யாப் போயிரும்" என்றாள். "குடத்தத் தூக்கும்போதெல்லாம் நெனப்பு வரும். கம்பெனிக்காரங்க சொன்னது எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க சொன்னதுதான்." பிறகு என் கையை எடுத்து, நகத்தில் இருந்த கிரீஸைத் தன் முந்தானையால் துடைத்தாள். "போவோம். பயிற்சி குடுக்குற பிள்ள காத்திருக்கும்."

நாற்காலியில் உட்கார வைத்து நானே தள்ளிக்கொண்டு போனேன். டாக்டரிடம் கேட்டபோது, நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது, இனிமேல் குளிர்ச்சியால் ஆவது கொஞ்சம்தான் என்றார்.

அதற்குப் பிறகு அவள் நடக்கவில்லை. நான் கம்பெனியில் இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு பகலில் அவளோடு இருந்தேன். அவள் அக்கா இரவில் வந்து படுத்துக்கொள்வாள். வண்டியில் எதையும் மாற்றவோ பொருத்தவோ நான் முயலவில்லை. வெறுமனே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அப்போது அவளுக்கு அதிகம் பேச வரவில்லை; நாக்கு குழறியது.

கார்த்திகையில் சளி பிடித்தது. இருமித் துப்பவும் அவளுக்குத் தெம்பில்லை. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஐந்தாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள். அவளுக்கு முப்பத்தாறு வயது.

ஊரிலிருந்து அவள் அப்பாவும் அண்ணனும் வந்து சேர மறுநாள் ஆகும் என்பதால், லைன் வீட்டுக்காரர்கள் ஐஸ் பெட்டி வரவழைத்தார்கள். வாசலில் அதில்தான் கிடத்தியிருந்தார்கள். கரண்ட் போய்ப் போய் வந்தது. நான் கம்பெனியிலிருந்து ஜெனரேட்டர் இழுத்துவந்து இணைப்புக் கொடுத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. சூப்பர்வைசரம்மா வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, "நடிக்கறேன்னு சொன்னேனே கண்ணு" என்று அழுதார். அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

என் அம்மா அன்றுதான் முதன்முதலாக எங்கள் வாசலுக்கு வந்தாள். ஒரு மூலையில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். எல்லோரும் போன பிறகும் அவள் சேவூருக்குத் திரும்பவில்லை. எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் இருந்தாள்.

அந்தப் பங்குனியில் அம்மாவுக்குக் கண் புரை என்று கோயமுத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதே காரில்தான் போனோம். அம்மா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் இருந்த ரேடியேட்டரை ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அது என்ன என்று கேட்கவில்லை. அவிநாசி தாண்டியபின் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் புள்ள ஒரு நாளாச்சும் என்னயப் பத்திப் பேசுச்சா சாமி?"

"பேசுவாம்மா. அத்தை எப்படி இருக்காங்கன்னு கேட்டுட்டே இருப்பா" என்றேன்.

பொய்தான். அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மா தலையை ஆட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.